ஒருத்தனைக் காணோமுங்க

அவர் சுட்டுச் செத்தவர்களைவிட, அவர் சுட்டுச் சுவரில் விழுந்த ஓட்டைகள்தான் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் யாரோ பெரிய ஆட்டக்காரரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நினைத்துவிடுவீர்கள். அவர் சுமாரான ஆட்டக்காரர். வந்த புதிதில் சுமாருக்கும் ரெண்டு படி கீழே. நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ஆட்கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். நாங்கள் எல்லோரும் ரைட்டரண்ணன் என்றுதான் கூப்பிட்டோம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஏற்காட்டில் ஒரு பேக்கரியின் மாடியில் நான் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது, தலைக்கனத்துக்கு வயது கிடையாது. மொத்தம் ஆறு கம்ப்யூட்டர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வகுப்பு முடிந்ததும் ஆறையும் ஒயரால் இணைத்துத் துப்பாக்கி ஆட்டம் ஆடுவோம். இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். திரையில் ஒரு பழைய குடோன், நிறையச் சந்து, நிறையக் கதவு. எதிர்க்கட்சி மூன்று பேரையும் சாய்த்துவிட்டால் அந்த ரவுண்டு நமக்கு. செத்தவன் ரவுண்டு முடிகிறவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆறில் சத்தம் வருவது ஒரே ஒரு கம்ப்யூட்டரில். அதற்கு ஒரே ஒரு ஹெட்போன், அதிலும் இடது பக்கம் செத்துப்போய் வெகுநாளாகியிருந்தது. அது யாருக்கு என்பதில் எங்களுக்குள் பேச்சே கிடையாது. நன்றாக ஆடுகிறவனுக்கு. நன்றாக ஆடுகிறவன் நான்தான்.

எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் வாங்கப்போகிறார்கள், கற்றுக்கொண்டு வா என்று மானேஜர் அனுப்பி அவர் வந்தார். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் போகாமல், நாங்கள் ஆடுவதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஆள் குறைந்தது. "ஏனுங்க தம்பி, நான் உக்காரலாமுங்களா?" என்றார். உட்காரவைத்தோம். மவுசைக் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தார். அவருடைய ஆள் முதல் ரவுண்டு முழுக்க ஒரு மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டாவது ரவுண்டில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்து போய்ச் செத்தான். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. அவரும் சிரித்தார். அடுத்த ஞாயிறு அதே பஸ்ஸில் வந்துவிட்டார்.

ஒரு மாதம் போல எல்லா ரவுண்டிலும் முதலில் செத்தது அவர்தான். எங்களில் யாராவது செத்தால் கீபோர்டைத் தள்ளிவிட்டு, கெட்ட வார்த்தை ஒன்றை உதிர்த்துவிட்டு, வராந்தாவுக்குப் போய்விடுவோம். அது எங்கள் மாடியின் வழக்கம். அவர் மட்டும் போகமாட்டார். மிச்சமிருப்பவர்கள் ஆடுவதை மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை கேட்டேன், செத்த பிறகு என்னண்ணா பார்க்கிறீங்க என்று.

"செத்ததுக்கப்புறந்தானுங்க நல்லாத் தெரியுது. உசுரோட இருக்கறப்ப கண்ணு முன்னால இருக்கறவன் ஒருத்தன்தான் தெரியறான்" என்றார்.

நான் அதை ஜோக் என்று நினைத்து எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

தோற்ற கட்சி அரை மணி நேரம் சண்டை போடும். உன்னாலதான், இல்லை உன்னாலதான், நீ ஏன் அங்கே போனே, நீ ஏன் இங்கே வரலை. சண்டை முற்றுகிற நேரத்தில் இவர் கையைத் தூக்குவார். "உடுங்க சாமி. எம்பட தப்புங்க." அதோடு நிறுத்தவும் மாட்டார். என்ன தப்பு என்பதையும் சொல்வார். கதவுக்கு நேராக நின்றுவிட்டேன், குண்டு தீர்ந்ததைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன், எங்கள் கட்சி ஆரோக்கியம் கூப்பிட்டபோது போகாமல் யோசித்துக்கொண்டிருந்தேன். சும்மா சமாதானத்துக்குச் சொல்வதாக இருக்காது. நிஜமாகவே தேடிக் கண்டுபிடித்துச் சொல்வார். அடுத்த ஞாயிறு அதே தப்பைச் செய்யவும் மாட்டார், புதிதாக ஒன்றைச் செய்வார். சுமாரான ஒருவர் எப்படித் தேறுகிறார் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். அன்றைக்கு எனக்கு இது தெரியவில்லை. தோற்றால் பழி போட ஒரு ஆள் கிடைத்துவிட்டார் என்பது மட்டும்தான் தெரிந்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

எங்கள் கட்சியில் மூன்றாவது ஆள் ஆரோக்கியம். கீழே பேக்கரியில் ரொட்டி போடுகிறவன், என் வயது. அவனுக்கு அவர்மேல் பிரியம். "ரைட்டரண்ணன் எஸ்டேட்டுல எப்படி இருக்காருன்னு பாத்திருக்கியாடா? போய்ப் பாரு" என்பான்.

போய்ப் பார்க்கும்படி ஆயிற்று. எஸ்டேட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் அதைப் பொருத்திக்கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். காலை முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். பனி மூட்டத்தில் ஆபீஸ் முன்னால் பெரட்டு நடந்துகொண்டிருந்தது. பெரட்டு என்றால் காலையில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புவது. எண்பது பேர் இருப்பார்கள். பாதிப்பேர் தலையில் பனிக்கு மடித்துப் போட்ட சாக்குக் கொங்காணி, முகமே தெரியவில்லை. அவர் படியில் நின்று இடமிருந்து வலம் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். "மூணாவது வரிசையில ஒருத்தரைக் காணோம். பின்னாடி காட்டு வேலைக்குப் போட்டிருந்த பிள்ளை ஒண்ணு குறையுது. ஏனுங்க மேஸ்திரி, செம்மநத்தத்துக்காரங்க ஊட்டுல கேட்டுப் பாருங்க" என்றார். பிறகு பேர் கூப்பிட்டுப் பார்த்தார்கள். சரியாக அந்த இரண்டு பேர்தான் இல்லை. சாயங்காலம் காட்டிலிருந்து கடைசித் தலை ஏறி வருகிறவரை அந்தப் படியை விட்டு இறங்கமாட்டார் என்று மேஸ்திரி சொன்னார்.

அன்றைக்கு இன்னொன்றும் பார்த்தேன். மத்தியானம் திடீரென்று மழை. களத்தில் காய்ந்துகொண்டிருந்த காபிக்கொட்டையை மூடாமல் விட்டுவிட்டார் மேஸ்திரி, எல்லாம் நனைந்துவிட்டது. மானேஜர் ஆபீஸுக்குள் வந்து கத்தினார். இவர் எழுந்து நின்று, "எம்பட தப்புங்க" என்றார். மேஸ்திரி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், வாயைத் திறக்கவில்லை. மானேஜர் இவரைக் கேட்ட கேள்விகளில் எனக்கே காது கூசியது. மானேஜர் போன பிறகு, "ஏண்ணா, களம் உங்க பொறுப்பா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க தம்பி. ஆனா பத்து மணிக்கே மேகத்தைப் பாத்தேனுங்க. பாத்துட்டுப் பேசாம இருந்துட்டேன். அது தப்புதானுங்களே?"

எனக்கு அது பிடிக்கவில்லை. நல்ல மனிதர் என்று தோன்றுவதற்குப் பதில், இப்படியும் ஒரு மனிதரா என்று கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் இவர் தலையில் கட்டிவிடலாம், இவரும் உட்கார்ந்து அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுப்பார். அன்று இவ்வளவு புத்திசாலித்தனமாக யோசித்தவன்தான் நான்.

அதற்குப் பிறகு அவர் பெரட்டை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தார். அவர் சுடுவது தேறவில்லை, தேறப்போவதும் இல்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது. ஒரு மூலையில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார். "இடது சந்துல ஒருத்தன். மாடிப்படிக்கிட்ட ஒருத்தன். மூணாவது ஆளு ஒருத்தனைக் காணோமுங்க. ஆரோக்கியம், உங்க பின்னாடி பாருங்க சாமி." ஆரோக்கியம் திரும்புவான், அங்கே ஒருத்தன் வந்துகொண்டிருப்பான். சத்தம் கேட்கிற ஹெட்போனை மாட்டிக்கொண்டு எனக்குத் தெரியாதது, சத்தமே இல்லாத கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்தது. ஒரு மாதத்தில், எதிர்க்கட்சியில் ஆட வந்த போர்டிங் ஸ்கூல் முடித்த பையன்களை வரிசையாக ஜெயித்தோம். எல்லோரும் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். நானும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த நேரத்தில் சேலத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டர் சென்டர்க்காரர்கள் எங்களை ஆட வரச் சொன்னார்கள். மலையிறங்கிப் போய் ஆடுவது எங்களுக்குப் பெரிய விஷயம். மலைக்காரனுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு என்று சிரிக்கிறவர்கள் அவர்கள். ரைட்டரண்ணனுக்குப் பதில், குறி தப்பாமல் சுடுகிற ஒரு பையனைக் கூட்டிப்போகலாமா என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. ஆரோக்கியம் முகத்திலடித்த மாதிரிச் சொல்லிவிட்டான், அவர் வரவில்லையென்றால் நானும் வரமாட்டேன் என்று. இது எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. ஞாயிறு சாயங்காலம் எல்லோரும் இறங்கிய பிறகு, படியில் என்னை நிறுத்தினார்.

"தம்பி, என்னைக் கூட்டிட்டுப் போவீங்களா?"

"ஏண்ணா, இப்படிக் கேக்கறீங்க?"

"இல்லீங்க, எம்பட பாப்பாகிட்டச் சொல்லிட்டேன். ஊட்டுல அவ அம்மா சிரிக்கறா, இந்த வயசுல சின்னப் பசங்களோட என்ன வெளையாட்டுன்னு. பாப்பாதான் ஞாயித்துக்கிழமை ஆனா எத்தனைப்பா ஜெயிச்சேன்னு கேக்கும். எஸ்டேட்டுல மானேஜர்கிட்ட நான் வாங்கறதை எல்லாம் அது பாத்திருக்குதுங்க. அது முன்னால ஒரு தடவை ஜெயிச்சுட்டாப் போதும். அப்புறம் வேற ஆளைப் போட்டுக்குங்க."

கூட்டிப்போகிறேன் என்றேன்.

பாப்பாவுக்குப் பத்து வயது. அன்று பச்சைப் பாவாடை, இறுக்கிப் பின்னிய இரட்டை ஜடை. மலை இறங்குகிறவரை வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். அடிவாரத்தில் பஸ் நின்றதும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பயப்படாதப்பா" என்றாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சேலத்துக்காரர்கள் நியாயமானவர்கள்தான். எங்களிடம் ஒரே ஹெட்போன் என்றதும், தாங்களும் ஒன்றோடு ஆடுகிறோம் என்றார்கள். எங்கள் ஹெட்போனையே கொண்டுபோயிருந்தோம், வழக்கம்போல நான்தான் மாட்டிக்கொண்டேன். நான் நடுவில், எனக்கு இடது பக்கம் ரைட்டரண்ணன், வலது பக்கம் ஆரோக்கியம். பாப்பா அப்பாவின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்களுக்குப் பின்னால் இருபது பேர் கூட்டம்.

பதினொரு ரவுண்டு. ஐந்துக்கு ஐந்து என்று வந்து நின்றது. கடைசி ரவுண்டு ஆரம்பித்ததும் ஆரோக்கியம் செத்தான். கீபோர்டைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டான். நாங்கள் இரண்டு பேர், அவர்கள் மூன்று பேர். ஒரு பெட்டிக்குப் பின்னாலிருந்து எதிரி ஒருத்தன் தலையை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தான். அவனைச் சுட நான் குறி வைத்துக் காத்திருந்தேன். என் பின்னால் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது. அந்த ருசி அப்படிப்பட்டது.

"ரெண்டு பேருதான் தெரியறாங்க. ஒருத்தனைக் காணோமுங்க. தம்பி, உங்களுக்குப் பின்னாடி பாருங்க" என்றார் தணிந்த குரலில்.

கேட்டது. செத்துப்போன இடது பக்கத்து ஹெட்போன் வழியாக ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. கேட்டும் நான் திரும்பவில்லை. பெட்டிக்குப் பின்னாலிருந்த தலை இன்னொரு தடவை வரும், அதைச் சுட்டுவிட்டுத் திரும்பிக்கொள்ளலாம் என்று இருந்தேன். தலை வருவதற்குள் முதுகில் குண்டு விழுந்து என் திரை சிவந்தது.

மிச்சம் அவர் ஒருத்தர், எதிரில் மூன்று பேர். என்னைச் சுட்டவனை அவர் சுட்டார். சுவரில் ஓட்டை போடாமல் ஆளையே சுட்டார். மற்ற இரண்டு பேரும் சேர்ந்து வந்து அவரைச் சாய்த்தார்கள். முடிந்தது.

கூட்டம் சிரித்தது. யாரோ, மலைக்கு லாஸ்ட் பஸ் எப்போ என்று கேட்டான். நான் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வீசினேன். இருபது பேர் முன்னால், உரக்க, அவரைப் பார்த்துச் சொன்னேன். "பின்னாடி வர்றான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணா? வேற எதுக்கு அங்கே உக்காந்திருந்தீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. எங்கேயோ எதுவோ விட்டுப்போன மாதிரி, முகத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"ஆமுங்க. எம்பட தப்புதானுங்க" என்றார்.

திரும்பி வரும்போது பாப்பா ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாள். அவர் வாங்கிக்கொடுத்த முறுக்குப் பொட்டலம் பிரிக்காமல் மடியில் கிடந்தது. ஆரோக்கியம் அவரிடம், "உடுங்கண்ணா, ஒரு நாள் மறக்கறதுதான்" என்றான். அவன் வெளியே போயிருந்தவன், அவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் முன் சீட்டில் தூங்குகிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டேன். ஏற்காட்டில் இறங்கியதும், "வாரனுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு நாகலூர் பஸ்ஸுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வேறு ஆளை வைத்து ஆடிப் பார்த்தோம். நன்றாகச் சுட்டான், வரிசையாகத் தோற்றோம். தோற்றதும் உன்னாலதான் என்னாலதான் என்று பழைய சண்டை வந்தது, அதை நிறுத்த ஆள் இல்லை. எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அது பொய். நன்றாகத்தான் சாப்பிட்டேன். ஆனால் வகுப்பில் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும்போது, இடது காதுப் பக்கம் அந்தக் குரல் வரும். நாலாவது வாரம் முடியவில்லை. போய், கேட்டது எனக்கு, நீங்கள் சொன்னீர்கள் என்று சொல்லிவிடுவது, காலில் விழச் சொன்னாலும் விழுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு நாகலூர் பஸ் ஏறினேன்.

எஸ்டேட் குவார்ட்டர்ஸில் அவர் வீடு கடைசி. "வாங்க தம்பி, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். பாப்பா கதவோரத்தில் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஆடவே வர்றதில்லையே அண்ணா என்று நான் ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தையில் விஷயத்துக்கு வந்துவிடுவதாக இருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நானே வந்து உங்களைப் பாக்கோணும்னு இருந்தேனுங்க. அந்தக் கடைசி ரவுண்டைத் தினமும் ஓட்டிப் பாக்கறேன். நான் சொன்ன மாதிரிதானுங்க இருக்குது. பின்னாடி பாருங்கன்னு சொன்னேன்னு மனசு சொல்லுது. ஆனா பக்கத்துல இருந்த உங்களுக்குக் கேக்கலை. அப்போ நான் வாய்க்குள்ளயே நெனச்சிருப்பேன், சொல்லியிருக்க மாட்டேன் போல. முன்னெல்லாம் நமக்கு இப்படி இல்லைங்க." கையைப் பிசைந்தார். "இப்பவெல்லாம் பெரட்டுலகூட ரெண்டு தடவை எண்றேனுங்க. எண்ணிட்டு மேஸ்திரியையும் ஒருக்கா எண்ணச் சொல்றேன். கண்ணு பாத்ததை நம்ப முடியறதில்லை. அதான் ஆட வரலை. உங்களுக்கு எதுக்கு வீணா ஒரு தோல்வி."

"நீ சொன்னப்பா" என்றாள் பாப்பா. நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்குக் கேட்டுச்சு. நான் தெனமும் சொல்றனில்ல."

"சும்மா இரு கண்ணு. சொல்லியிருந்தா அண்ணன் திரும்பியிருக்க மாட்டாங்களா? அவங்க எதுக்கு அத்தனை பேரு முன்னால இல்லாததைச் சொல்றாங்க?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க தம்பி. உண்மையைச் சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

அவர் கேட்ட விதம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. நான் ஒரு சொல் சொன்னால் அந்த மனிதருக்கு அவருடைய கண்ணும் வாயும் திரும்பக் கிடைத்துவிடும். மகளும் மனைவியும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் மூன்று மணி பஸ்ஸில் வந்திருக்கிறேன். பாப்பா இப்போது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"கேக்கலைண்ணா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அதான பாத்தேன்" என்றார்.

பாப்பா எழுந்து வந்து என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் பாதிக் காபிதான் குடித்திருந்தேன்.